பேக்கப் இருக்கு... படிக்கத்தான் வழியில்லை!

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கோபாலபுரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில், இடித்துக் கட்டப்போகிற ஒரு பழைய வீடு. வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு உட்கார்ந்திருக்கிறார். பரணிலிருந்து நான் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, பெரியம்மா கீழே நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெண்கல அண்டா இருக்கட்டும். விரிசல் விட்ட ஊஞ்சல் பலகையும் இருக்கட்டும். பெரியப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே சீட்டுக்கட்டைவிடச் சின்னதாக பதினோரு கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெரியம்மாவின் கையெழுத்தில் ஒரு தேதி. பேப்பர்காரர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு டின்னிலேயே போட்டார். பிளாஸ்டிக் விலைக்குக்கூடத் தேறாது என்று அவர் முகம் சொன்னது.

“அதைப் போட்டுடாதேடா. பதினோராவதுல எங்கம்மா இருக்கா” என்றார் பெரியம்மா.

அந்த வீட்டின் முன்னறைதான் ஒரு காலத்தில் பெரியப்பாவின் டிடிபி கூடம். ராயப்பேட்டை அச்சகங்களிலிருந்து வேலை வரும். பெரியம்மா தட்டச்சு செய்வார். 1999-ல் ஞாயிறு தவறாமல், ஊரிலிருந்து வந்திருந்த தன் அம்மாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருக்கிறார். கும்மி, தாலாட்டு, நடவுப் பாட்டு என ஐம்பத்துச் சொச்சம். பாடப் பாட அடித்து முடித்தார். 2001-ல் பாட்டி காலமானார். பிரின்ட் எடுத்து வைத்த தாள்களைக் கரையான் தின்றது. சில வருடங்களில் ஹார்ட் டிஸ்கும் போனது. பெரியப்பா விண்டோஸ் என்டி 4.0 சர்வரிலிருந்து வாராவாரம் எடுத்து வைத்த டேப்புகள் மட்டும் மிஞ்சின.

இப்போது வீட்டில் இருப்பது லினக்ஸ் போட்ட லேப்டாப். அதில் இந்த கேசட்டை நுழைக்க ஓட்டையே கிடையாது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத கம்ப்யூட்டர்கள் ஏராளம். புதிது வாங்குவதா, இருப்பதில் லினக்ஸ் போடுவதா என்ற கேள்வி ஆடிட்டர் அலுவலகம் முதல் அச்சகம் வரை எல்லா இடத்திலும் எழுந்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2014 ஏப்ரல் 8-ம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த சமயத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. அதற்கும் முன்பே, 2007 வாக்கில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் போய்விட்டது.

இயங்குதளம் மாறும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இப்ப இருக்கிற ஃபைலெல்லாம் புதுசுல வருமா?” அதற்கு ஒரு பென்டிரைவ் போதும். பீரோவில் உறங்கும் பத்து வருடப் பேக்கப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ‘பேக்கப் இருக்கு’ என்ற நிம்மதியில் அதை மறந்தே போகிறோம். தேவைப்படும் நாளில்தான், நம்மிடம் இருப்பது பூட்டிய பெட்டி என்பதும் சாவி பழைய கம்ப்யூட்டரோடு காயலான் கடைக்குப் போய்விட்டது என்பதும் தெரியவருகிறது.

━━━━━━━━━━
டேப் பிறந்த கதை

● 1951: யூனிவாக் கம்ப்யூட்டரோடு உலோக நாடா வந்தது.
● 1952: ஐபிஎம் 726. பிளாஸ்டிக் நாடா, ஓர் அங்குலத்தில் 100 எழுத்து.
● 1972: 3எம் நிறுவனத்தின் கால் அங்குல கேசட். நம் ஊர் வங்கிகளிலும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் பின்னாளில் பரவியது இந்தக் குடும்பம்தான்.
● 1989: டிடிஎஸ். பாட்டு பதிய வந்த டிஜிட்டல் ஆடியோ கேசட்டைத் தரவுக்கு மாற்றினார்கள். பெரியம்மாவின் டின்னில் இருந்தது இதுதான்.
● 2000: எல்டிஓ முதல் தலைமுறை, 100 ஜிபி. 2021-ல் ஒன்பதாம் தலைமுறை, 18 டிபி. 2025-ல் பத்தாம் தலைமுறை, 30 டிபி.
━━━━━━━━━━

ஒரு பெட்டிக்கு ஐந்து பூட்டு

டேப்பை மீட்பது என்றால் டிரைவில் போட்டு பட்டனை அமுக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாதக்கணக்கில் அலைந்த பிறகு ஒன்று புரிந்தது. பூட்டு ஒன்றல்ல, ஐந்து. ஒன்றைத் திறந்தால்தான் அடுத்தது கண்ணிலேயே படும்.

முதல் பூட்டு: நாடா

பிளாஸ்டிக் படலத்தின் மேல் காந்தத் துகள்கள். அவற்றைப் பிடித்துவைக்க ஒரு பசை. தரவு கெடுவதற்கு முன்பே பசைதான் கெடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகி, நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஓட்டினால் துகள் உரிந்து டிரைவின் தலையில் அப்பிவிடும். அதோடு கதை முடிந்தது. எல்டிஓ டேப்புகளை நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர்ப் பரணுக்கும் அந்தக் கணக்குக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கடற்காற்று வீசுகிற மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஈரம்; ஓட்டின் அடியில் சூடு; மழைக்காலத்தில் பூஞ்சை. பதினொன்றில் இரண்டு டேப்புகளில் வெள்ளைப் பூஞ்சை கண்ணுக்கே தெரிந்தது. அவற்றை ஓட்டாமல் தனியே எடுத்துவைத்தோம். பூஞ்சை பிடித்த ஒன்று டிரைவுக்குள் போனால், அடுத்துப் போகும் நல்ல டேப்புக்கும் தொற்றிக்கொள்ளும்.

பதினோராவது டேப் பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. பெரியம்மா பெருமூச்சு விட்டார்.

இரண்டாம் பூட்டு: டிரைவ்

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியதில் இரண்டு பழைய டிடிஎஸ் டிரைவ்கள் கிடைத்தன. ஒன்று உள்ளே வாங்கிய டேப்பை வெளியே தர மறுத்தது. அதன் ரப்பர் உருளை தார் போல் உருகியிருந்தது. இன்னொன்று ஓடியது. ஆனால் அதன் பின்புறம் இருந்தது ‘ஸ்கஸி’ இணைப்பு. அதற்கொரு கார்டு வேண்டும்; அந்தக் கார்டைச் செருகும் இடம் இன்றைய மதர்போர்டில் இல்லை. கடைசியில் ஒரு பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்தோம். எந்தப் பெட்டியைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோமோ, அதே ரகம்!

டிடிஎஸ் டிரைவ் வேலை செய்வது வீடியோ கேசட் முறையில். தலை சாய்வாகச் சுழன்று, நாடாவில் சாய்கோடுகளாக எழுதும். எழுதிய டிரைவின் தலை இம்மி சாய்ந்திருந்தால் கோடுகளும் அதற்கேற்பச் சாய்ந்திருக்கும். சரியான சாய்வில் இருக்கும் வேறு டிரைவ் அதைப் படிக்கத் திணறும். சில டாக்டர் சீட்டுகளைக் குறிப்பிட்ட மருந்துக்கடைக்காரர் மட்டுமே படிப்பார் அல்லவா, அப்படித்தான். எழுதிய டிரைவையே பத்திரப்படுத்தி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

புதிய ரகங்களும் விதிவிலக்கல்ல. எல்டிஓவில் ஏழாம் தலைமுறை வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தது. எட்டும் ஒன்பதும் ஒரு தலைமுறைதான் பின்னால் போகும். பத்தாவது, தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறெதையும் தொடாது. ‘முப்பது வருடம் தாங்கும்’ என்று டேப்பின் மேல் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கட்டும். முப்பதாம் வருடம் அதைப் படிக்கும் டிரைவ் யாரிடம் இருக்கும்?

மூன்றாம் பூட்டு: மூட்டை

இங்கேதான் இயங்குதளம் மாறியதன் விளைவு நேராக வந்து மோதுகிறது. பேக்கப் மென்பொருள் ஃபைல்களை அப்படியே எழுதாது. தனக்கென்று ஒரு முறையில் மூட்டை கட்டும். விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் கூடவே வந்த ‘என்டி பேக்கப்’ கட்டியது ஒரு வகை மூட்டை. விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளையே எடுத்துவிட்டது. சர்வர் 2008-ல் அதற்குப் பதிலாக வந்ததற்கு டேப் என்றால் என்னவென்றே தெரியாது. ஆக, லினக்ஸுக்கு மாறாமல் விண்டோஸிலேயே இருந்தவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது.

யூனிக்ஸ் உலகில் 1979-ல் வந்த ‘டார்’ இதற்கு நேர்மாறு. ‘டேப் ஆர்க்கைவ்’ என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். அன்றைக்கு அதில் கட்டிய மூட்டையை இன்றைய லினக்ஸ் ஒரே கட்டளையில் பிரித்துவிடும். காரணம் எளிது: மூட்டை கட்டும் முறை ஊரறிந்த விஷயம், யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நிறுவனத்தின் கைக்குள் இருந்த முறைகள் அந்த நிறுவனத்தின் ஆர்வம் தீர்ந்ததும் ஊமையாகிவிட்டன.

எங்களுக்குக் கைகொடுத்தது லினக்ஸ்தான். பழைய ஸ்கஸி டேப் டிரைவை அது இன்றும் அடையாளம் கண்டுகொள்கிறது. முதலில், டேப்பில் என்ன இருக்கிறது என்று ஆராயாமல், ‘டிடி’ கட்டளையால் முழு நாடாவையும் அடி முதல் நுனி வரை ஒரே ஓட்டமாக ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம். நாடா இன்னொரு முறை ஓடுமா என்பது நிச்சயமில்லை. ஆராய்ச்சியெல்லாம் நகலில் வைத்துக்கொள்ளலாம். பதினொன்றில் ஏழு முழுதாக வந்தன, இரண்டு அரைகுறை. பிறகு, என்டி பேக்கப் மூட்டையைப் பிரிக்கும் ஒரு திறமூல நிரலை வைத்து ஃபைல்களை வெளியே எடுத்தோம். ஒரு ஃபைலின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’.

நான்காம் பூட்டு: மென்பொருள்

அது பேஜ்மேக்கர் ஃபைல். பேஜ்மேக்கர் இன்று விற்பனையில் இல்லை. அதன் வாரிசான இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்துகொண்டிருந்துவிட்டு, அடுத்த பதிப்பில் கைவிட்டது. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மட்டும், இணையத்தோடு இணைக்காமல், எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றை இன்னும் பொத்திப் பொத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திருமணப் பத்திரிகை மாதிரிகள் முழுக்க அதில்தான் இருக்கின்றனவாம். அதில் திறந்தோம். பக்கம் வந்தது. தாளின் ஓரக்கோடு, பக்க எண், பத்தி அமைப்பு எல்லாம் பெரியப்பா போட்டபடியே.

எழுத்து மட்டும் தமிழில் இல்லை.

ஐந்தாம் பூட்டு: எழுத்து

இந்தக் கடைசிப் பூட்டு ஆங்கிலத்தில் டேப் மீட்பவர்களை அநேகமாகத் தொடாது. உலக எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின், 1991-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் நம் மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு அது வந்துசேர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தமிழ் ஃபான்ட் என்பது ஒரு கண்கட்டு. கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஆங்கில எழுத்து; அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்து வைத்திருப்பார்கள். தட்டச்சு முறையைப் பின்பற்றும் பாமினி ஃபான்ட்டில் ‘தமிழ்’ என்று அடித்தால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி. ஃபான்ட் இருக்கும் வரை அது தமிழ். ஃபான்ட் தொலைந்தால் ஜேகேபிஓ.

அதிலும் ஒவ்வொரு கடைக்காரரும் தனக்கென ஒரு வரிசை வைத்திருந்தார். ஒருவரின் ‘க’ இன்னொருவரின் ‘ழு’. பெரியப்பா வாங்கிய ஃபான்ட்டை விற்றவர் கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. பாமினிக்கு உறவு, ஆனால் பாமினி அல்ல. சுரதாவின் ‘பொங்கு தமிழ்’, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட ‘என்எச்எம் கன்வர்ட்டர்’ என்று பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் கருவிகள் தமிழர்களுக்கு எத்தனையோ வருடங்களாக உதவி வருகின்றன. அவற்றில் போட்டபோது முக்கால்வாசி தமிழானது. மீதி, பல் விழுந்த வாய்ப்பேச்சு.

மிச்சச் சாவி இருந்த இடம் பெரியம்மாவின் விரல் நுனி. தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறியவர். ‘இந்த எழுத்துக்கு எந்தக் கட்டை?’ என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கீபோர்டை முன்னால் வைத்து ‘அடியுங்கள்’ என்றால் விரல் தானாகப் போனது. விரல் போன இடத்தையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். ஒரு மாலைப் பொழுதில் முழு வரைபடமும் தயார்.

அப்படியும் சில முடிச்சுகள் அவிழவில்லை. பழைய ஃபான்ட்களில் ‘கௌ’ என்பது கொம்பு, க, ள என்ற மூன்று தனித் துண்டுகள். ‘கெள’ என்பதும் அதே மூன்று துண்டுகள். எது எது என்று எந்தக் கருவியாலும் அடித்துச் சொல்ல முடியாது. காலும் ‘ர’வும் குழம்பும். அந்த இடங்களில் பெரியம்மா பாடிப் பார்த்தார். ராகம் இடித்தால் எழுத்து தப்பு!

கோபாலபுரத்து முகவரியும் இரண்டு ஆணைகளும்

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட இரண்டு முறை அரசு முயன்றது. இரண்டு முறையும் முதலமைச்சராக இருந்தவர், பெரியம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருந்த கலைஞர் மு. கருணாநிதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அரசின் தரமாயின. பதினோரு வருடம் கழித்து, 2010 ஜூன் 23-ம் தேதி, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில் இன்னோர் ஆணை வந்தது. இனி யூனிகோட், அது சரிவராத இடங்களில் டேஸ் 16 குறியாக்கம்.

ஆணைகள் நல்லவைதான். ஆனால் தரம் மாறும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன் அடித்த அத்தனையும் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிடுகிறது. அரசு அலுவலகங்களில் வானவில் ஃபான்ட்டில் அடித்த கோப்புகள் எத்தனை எத்தனை! அவற்றை மாற்றி வைப்பது தனி வேலை. அதற்குத் தனியாக ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

அந்த வேலையைச் சலிக்காமல் செய்து காட்டிய முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. 1998 பொங்கல் அன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பில் மின்பதிப்பாக்கியது. அதை முன்னின்று நடத்திய சுவிட்சர்லாந்துவாசி முனைவர் கு. கல்யாணசுந்தரம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலவசமாகத் தந்த ஃபான்ட்டின் பெயர் ‘மயிலை’. திட்டத்தின் நூல்கள் தகுதரம் எனப்படும் டிஸ்கிக்கு வந்து, பின்னர் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. இன்று கைப்பேசியில் அவற்றை யாரும் படிக்கலாம். ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்த மரபு கம்ப்யூட்டர் காலத்தில் எடுத்த அவதாரம் இது. எழுத்து தேய்வதற்குள் அடுத்த ஏட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

━━━━━━━━━━
தொலைத்தவர்கள், பிழைத்தவர்கள்

● நிலவு, தொலைந்தது: அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது வந்த மூல ஒளிபரப்பைப் பதிந்த டேப்புகளை, பின்னாளில் டேப் தட்டுப்பாட்டில் அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாகவே தெரிகிறது என்று 2009-ல் நாசா அறிவித்தது.

● நிலவு, மீண்டது: 1966-67-ல் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய படங்களின் டேப்புகளைப் படிக்க ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற ராட்சத டிரைவ் வேண்டும். நான்சி எவன்ஸ் என்ற முன்னாள் நாசா காப்பாளர் அந்த டிரைவ்களைத் தன் வீட்டு கராஜில் பல வருடம் காத்துவைத்திருந்தார். கலிஃபோர்னியாவில் நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடையில் வைத்து டிரைவைச் சரிசெய்தார்கள். 2008-ல் முதல் படம் வந்தது: நிலவுக்கு மேலே உதிக்கும் பூமி.

● யூனிக்ஸ்: 1973-ம் வருடத்து நான்காம் பதிப்பு தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2025-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது டேப் அகப்பட்டது. கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில், நாடாவின் காந்த அலையை அப்படியே பதிவுசெய்து, எழுத்தாக மாற்றும் வேலையை மென்பொருளிடம் விட்டார்கள். அந்த வருட டிசம்பரிலேயே யூனிக்ஸ் உயிர்பெற்றது.

● தென்கொரியா: 2025 செப்டம்பரில் டேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்களின் 858 டிபி கோப்புகள் சாம்பல். வெளியே நகல் இல்லை.
━━━━━━━━━━

டேப் செத்துவிட்டதா?

இல்லை. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல் பெட்டி காலியானது. கூகுள் பல ஊர்களில் நகல் வைத்திருந்தும், பிழை எல்லா நகலிலும் புகுந்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது, எதனோடும் இணையாமல் அலமாரியில் கிடந்த டேப். இணைப்பில் இல்லாததை இணையம் வழியாக எவனாலும் தொட முடியாது என்பதே டேப்பின் பலம்.

அந்தப் பலத்தின் அருமையை இந்தியா 2022 நவம்பரில் உணர்ந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பூட்டியது ஒரு சைபர் தாக்குதல். புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை சுமார் இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்துதான் நோயாளிகள் தரவு மீண்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குதலுக்குத் தப்பிய நகல் ஒன்று, அதுவும் திறந்து படிக்கக்கூடிய நிலையில், இருந்ததால் கிடைத்த விமோசனம் அது.

நம் தெருவில் என்ன விளைவு?

கோபாலபுரம், ராயப்பேட்டை, தி. நகர் வட்டாரத்தில் தெருவுக்கு நாலு ஆடிட்டர் அலுவலகம், சின்ன கம்பெனி, கிளினிக். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவு, கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணுக் கணக்கு என்றால் அது பின்னாளில் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். இந்தியாவிலேயே உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதி இறுகியது. எட்டு வருடம் என்பது கணக்கருக்குச் சின்னக் காலம். கம்ப்யூட்டருக்கு இரண்டு இயங்குதளத் தலைமுறை. ‘பேக்கப் டேப் இருக்கிறது’ என்று நீட்டி, அது திறக்கவில்லை என்றால், இருந்தும் இல்லாத கதைதான்.

நேரெதிரான ஆபத்தும் உண்டு. படிக்க முடியாது என்று நாம் தூக்கிப்போடும் டேப்பை, என்னைப் போல ஒருவன் ரிச்சி தெருவில் டிரைவ் வாங்கிப் படித்துவிடலாம். சம்பளப் பட்டியல், பான் எண், நோயாளியின் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். அடுத்தவர் விவரங்களைக் காப்பது அவற்றை வைத்திருப்பவரின் கடமை என்கிறது 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பழைய டேப்பை எடைக்குப் போடுவது ரசீதுப் புத்தகத்தையே தெருவில் வீசுவதற்குச் சமம். வேண்டாமென்றால் துண்டு துண்டாக அரைத்துத்தான் போட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் கற்றுத்தந்த பாடமும் இதில் சேரும். அன்றைக்கு அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் சர்வரையும் அதன் நகலையும் ஒரே அறையில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நனைந்தன.

இந்த விஷயத்தில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல ஒப்பீடு. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களிலிருந்து 1994-ல் உருவான அந்த நூலகம், அரிய அச்சுப் பிரதிகளை நுண்படமாக எடுத்துவைத்தது. நுண்படத்தைப் படிக்க ஒரு வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும். அதற்கு இயங்குதளம் கிடையாது. எந்தக் கம்பெனி மூடினாலும் கவலையும் கிடையாது.

━━━━━━━━━━
டேப் கையில் கிடைத்தால்...

● முதலில் கேசட்டில் மேலெழுதாமல் தடுக்கும் தாழைத் தள்ளிவிடுங்கள். தெரியாமல் மேலெழுதினால் யாராலும் மீட்க முடியாது.
● ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை, பிசுபிசுப்பு, புளித்த வாடை இருந்தால் நிபுணரிடம் கொடுங்கள்.
● நனைந்த டேப்பை வெயிலில் காயவைக்க வேண்டாம்.
● மேலே எழுதியிருக்கும் துண்டுச்சீட்டைக் கிழிக்காதீர்கள். எந்த வருடம், எந்தக் கம்ப்யூட்டர், எந்த மென்பொருள் என்பதற்கு அதுவே சாட்சி.
● கடவுச்சொல் போட்ட டேப் என்றால், அதை வைத்தவர் ஓய்வுபெறும் முன் கேட்டு வாங்குங்கள்.
● முதல் ஓட்டத்தில் முழு நகல். ஆராய்ச்சி நகலில் மட்டும்.
● மீட்டவுடன், ஊரறிந்த முறைக்கு மாற்றுங்கள்: யூனிகோட் எழுத்து, பிடிஎஃப், டார். இரண்டு ஊரில் இரண்டு நகல்.
● இயங்குதளத்தை மாற்றுகிறீர்களா? பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன், கடைசிப் பேக்கப்பைப் புதியதில் திறந்து பாருங்கள். திறந்த பிறகு விற்கலாம்.
━━━━━━━━━━

மறுபூஜை

பாட்டியின் பாட்டுகளில் நாற்பத்தியொன்று முழுதாக வந்தன. நாற்பத்திரண்டாவது நடுவில் அறுந்தது. அந்த இடத்தில் நாடா கசங்கியிருந்தது. அதற்கு மேல் டேப்பில் எதுவும் தேறவில்லை. பெரியம்மா அந்தப் பாட்டைத் தொடர முயன்றார், வரவில்லை. “அம்மா பாடறப்போ நான் கேட்கலை, அடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்” என்றார். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் காதுக்கு வேலை வைக்காமல் விட்டது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை. புது ஃப்ளாட்டில், கொலுப்படிக்குப் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, அதன்மேல் பெரியம்மா ஒரு பென்டிரைவையும் வைத்தார். பொட்டும் இட்டார். மறுநாள் விஜயதசமி. அடுக்கிய ஏட்டை எடுத்து நாலு வரியாவது படித்தால்தான் பூஜை நிறைவுபெறும் என்பது நம் வழக்கம். படிக்காமல் திருப்பி அலமாரியில் வைத்தால் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

தங்கை மகள் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தாள். நான் கிடைத்ததைப் படித்தேன். எழுந்திருக்கும்போது பெரியம்மா பென்டிரைவை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதையும் திறந்து படி.”

“போன வாரம்தானே பார்த்தோம், எல்லாம் சரியா இருக்கு.”

“போன வாரம் இருந்தது. இன்னிக்கு இருக்கான்னு பாரு.”

திறந்தேன். முதல் பாட்டு வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கினார்.